சால்வை போர்த்தி அனுப்பிய வேலை

டேனியல், ஏஞ்சலின், விமான நிலையத்திலிருந்து என்னை ஏற்றிப்போக வந்தபோது இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்: "சென்னை எப்படிப்பா இருந்துச்சு?" நான் "நல்லா இருந்துச்சு" என்று சொல்லி முறுக்குப் பொட்டலத்தை உங்கள் கையில் திணித்துவிட்டேன். கிள்ளான் வரும்வரை நீங்கள் முறுக்குத் தின்றீர்கள், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் சொன்னது முழுப் பதில் இல்லை. எனக்கு வாயால் கோவையாகச் சொல்ல வராது. எழுதினால் நிறுத்தி நிதானமாகச் சொல்லலாம். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் ஏஞ்சலின் திருத்திப் படிக்கட்டும். டேனியல் திருத்தாமல் படித்தாலும் போதும், ஆனால் கடைசிவரை படிக்க வேண்டும். பரீட்சை முடிந்ததும் மோட்டார் வாங்கி வீடு வீடாக உணவு கொண்டுபோகும் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

என்னை அனுப்பியது உங்கள் அம்மா. "அண்ணன் போனில் பேசுறது சரியில்லை. ரொம்ப சிரிக்கிறார். கஷ்டம் வந்தால்தான் அவர் அப்படிச் சிரிப்பார். எனக்கு லீவு கிடைக்காது, நீங்க போய் ஒரு பார்வை பார்த்துட்டு வாங்க" என்றார். அம்மாவின் அண்ணன் சேவியர் மாமாவை நீங்கள் போனில்தான் பார்த்திருக்கிறீர்கள். நானும் கல்யாணத்துக்குப் பிறகு மயிலாப்பூருக்குப் போனது இதுதான் இரண்டாவது முறை.

விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் ஓர் ஆட்டோக்காரர் என் பெட்டியைத் தானாகவே தூக்கி உள்ளே வைத்தார்.

"எங்க சார் போவணும்?"

"மயிலாப்பூர்."

"கொளத்தாண்டையா, பீச்சாண்டையா?"

கடற்கரைப் பக்கம் என்றேன். ஊர் முழுவதும் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தகரத் தடுப்புக்கு நடுவே வண்டி ஊர்ந்தது. நான் மலேசியா என்று தெரிந்ததும் அவர் கேட்டார்: "அங்க இன்னா சார் வேல?" கிடங்கில் சாமான் கணக்குப் பார்க்கிறேன், அதற்கு முன்னே கையுறைத் தொழிற்சாலை, அதை மூடிவிட்டார்கள் என்றேன். "அங்கயும் மூட்றாங்களா. அப்ப சரி" என்றார். அவருக்கு அதில் ஒரு நிம்மதி இருந்ததாகத் தோன்றியது. அடையாறு பாலத்தின் மேல் வண்டி நின்றுவிட்டது. கேஸ் தீர்ந்துவிட்டதாம். "எறங்கி ஒரு கை குடு சார்" என்றார். கொடுத்தேன். நம் ஊரில் வாடகை வண்டி பாதியில் நின்றால் ஓட்டுநர் மன்னிப்புக் கேட்பார். அங்கே அவர் என்னை மேற்பார்வை பார்த்தார்: "அப்டித்தான், அப்டித்தான். மலேசியாக்காரன் தள்ளினா சும்மாவா."

மாமா வீடு கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடியில் இருக்கிறது. உங்கள் அம்மா பிறந்தது அந்தச் சந்தில்தான். மாமா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா சொன்னது சரி, அதிகமாகத்தான் சிரித்தார்.

ஸ்டெல்லா அத்தை நெத்திலிக் குழம்பு வைத்திருந்தார். மீனை ஆய்ந்தது மாமா என்று சாப்பிடும்போதுதான் தெரிந்தது. அத்தைக்கு முடக்குவாதம். விரல்கள் மெல்ல மெல்ல உள்ளே மடங்கும் வியாதி. கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசிப்பவர் அவர்தான், வேறு ஆள் கிடையாது. மாதம் ஓர் ஊசி போட்டால் விரல் நிமிர்ந்து நிற்கிறது. அந்த ஊசியை வெளியே வாங்கிக் கட்டுப்படியாகாது. மாமாவுக்குத் தொழிலாளர் காப்பீட்டு அட்டை இருந்ததால் கே.கே. நகர் காப்பீட்டு மருத்துவமனையில் இத்தனை நாள் கிடைத்து வந்தது. வேலை இல்லாமல் போன பிறகும் அட்டை கொஞ்ச காலம் செல்லும். அந்தக் கொஞ்ச காலம் இந்த மாதத்தோடு முடிகிறது.

கண்ணாடி அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஜரிகைக் கரை போட்ட சால்வை ஒன்று மடித்து வைத்திருந்தது. நான் அதைப் பார்ப்பதை மாமா பார்த்துவிட்டார்.

"அது கம்பெனில போத்துனது மாப்ள. வேலைய விட்டு வரச்சொல்ல. கேக் எல்லாம் வெட்டினாங்க."

"போத்திக்கிட்டு வந்தாரு அண்ணே" என்றார் அத்தை. "இருந்த வேலைய இவரே வேணான்னு எழுதிக் குடுத்துட்டு வந்தாரு. சொந்தமா சம்பாரிக்கிறாராம். என் ஊசிய ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்தாரான்னு கேளுங்க."

மாமா சிரித்தார். எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

மறுநாள் அவரோடு வேலைக்குப் போனேன். சொந்தச் சம்பாத்தியம் என்பது, டேனியல், நீ ஆசைப்படும் அதே வேலைதான். சதுரமான பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு, போன் சொல்லும் கடையில் சாப்பாட்டை எடுத்து, போன் சொல்லும் வீட்டில் கொடுப்பது. பின்னால் ஆள் ஏற்றக் கூடாதாம். "எவனாவது பாத்து சொல்லிட்டான்னா ஐடி பூடும்" என்றார். ஐடி என்றால் கம்பெனி போனில் கொடுத்திருக்கும் கணக்கு, அது இருந்தால்தான் ஆர்டர் வரும். பிறகு அவரே, "நீங்க பையை மாட்டிக்குங்க மாப்ள, பாக்கறவன் நீங்கதான் டெலிவரி, நான் சும்மா டிரைவர்னு நெனச்சுக்குவான்" என்றார்.

மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் இட்லி பசியாறிவிட்டு அங்கேயே முதல் சாப்பாட்டை எடுத்தோம். ரசம், சாம்பார், கூட்டு எல்லாம் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலத்தில், வாயை முறுக்கிக் கட்டியிருந்தது. நம் ஊரிலும் கட்டித்தான் கொடுக்கிறார்கள், ஆனால் நான் அதை முதுகில் சுமந்துகொண்டு வேகத்தடையில் ஏறி இறங்கியதில்லை. மந்தைவெளியில் ஒரு தடையைக் கவனிக்காமல் மாமா ஏற்றிவிட்டார். நான் பயந்து பின்னால் சாய்ந்தேன். பையின் அடியிலிருந்து சூடாக ஏதோ என் இடுப்பில் வழிந்தது.

அடுக்குமாடியில் கதவைத் திறந்த மாமி பையைப் பார்த்தார். "ரசமெல்லாம் கொட்டிண்டு வந்திருக்கேளே. ஆத்துல ஒருத்தர் ஜுரத்துல படுத்திண்டிருக்கார், அவருக்குன்னுதான் சொன்னது." நான் என்னால்தான் என்று சொல்லிக் கையைக் கூப்பினேன். அவர் எங்கள் இரண்டு பேர் தலைமுடியையும் பார்த்தார். இரண்டும் நரைத்தவை. "போறது. ஜலம் குடிச்சுட்டுப் போங்கோ" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "நான் ஒண்ணும் கம்ப்ளெயின்ட் பண்ணப்போறதில்லை. ஆனா ஆர்டர் பண்ணினது என் பிள்ளை, அமெரிக்காலேர்ந்து. அவன் கேப்பான், நான் பொய் சொல்ல மாட்டேன்."

நாங்கள் கீழே இறங்கி வண்டியை எடுப்பதற்குள் மாமாவின் போன் ஒலித்தது. புகார் வந்துவிட்டது. மந்தைவெளியில் கொட்டிய ரசத்துக்கு அமெரிக்காவில் ஒருவர் தூக்கத்தை விட்டு எழுந்து விரலால் அழுத்தியிருக்கிறார். மாமா போனைப் பார்த்து, "இன்னும் ரெண்டு வந்தா ஒரு நாள் ரெஸ்ட் குடுப்பாங்க" என்றார். ரெஸ்ட் என்றால் ஐடியை அணைத்துவிடுவது.

மதியம் அடையாறில் ஒரு பிரியாணிக் கடைக்கு எதிரே மரத்தடியில் காத்திருந்தோம். அதே மாதிரிப் பையோடு பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். இம்ரான் என்று ஒருவர், ராயப்பேட்டைக்காரர், வீட்டில் உருது பேசுகிற குடும்பம், முன்னே தோல் பை தைத்தவராம். மாமா என்னை அறிமுகப்படுத்தியதும் கை கொடுத்தார்.

"வாங்க பாய், குந்துங்க. நாங்கல்லாம் இங்க தொழிலாளி இல்ல, பார்ட்னரு. கம்பெனி அப்டித்தான் சொல்லுது. நாலு வருசமா பார்ட்னரா கீறேன், மொதலாளி யாருன்னே தெரியாது."

வேலை போனால் ஏதாவது கொடுப்பார்களா என்று கேட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். இம்ரான் சிரிக்கவில்லை.

"நலவாரியத்துல பேர் பதிஞ்சு கார்டு வாங்கிக்கீறேன் பாய். செத்தா குடுப்பாங்க. கை கால் போனா குடுப்பாங்க. ஐடி போனா? அதுக்கு ஒண்ணும் கெடையாது. வேலைன்னு ஒண்ணு இருந்தாத்தான போறதுக்கு."

அவருக்கு ஆர்டர் வந்து எழுந்து போனார். நானும் மாமாவும் மட்டும் இருந்தோம். அப்போது கேட்டேன்: "மச்சான், நெசமாவே நீங்களாத்தான் வேலையை விட்டீங்களா?"

அவர் எதிர்க்கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பெருங்குடியில் ஒரு பெரிய கம்பெனிக் கட்டடத்தைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரரிடம் அவர் பன்னிரண்டு வருடம் மேற்பார்வையாளராக இருந்தார். விளக்கு, தண்ணீர், லிப்ட், துப்புரவு எல்லாம் அவர் பொறுப்பு. "மேனேஜர் கூப்ட்டு உக்கார வச்சாரு மாப்ள. அதுவரைக்கும் அந்த ரூம்ல நான் உக்காந்ததில்ல. காபி குடுத்தாரு. 'ஜனமெல்லாம் வீட்லேர்ந்தே வேல பாக்குது, ஆறு மாடில மூணு மாடி காலி. ஆளைக் கொறைக்கச் சொல்றாங்க. நாங்க அனுப்பினா உன் பேரு கெட்டுடும் சேவியர். நீயே எழுதிக் குடுத்துட்டா மரியாதையா போயிடலாம், சால்வை போத்தி அனுப்புறோம்'னாரு. எனக்கு அது பெரிய உபகாரமா தோணிச்சு. குடும்பச் சூழ்நிலை காரணமாகன்னு எழுதினேன். கையெழுத்து நல்லா வந்துச்சு."

"வீட்டுல என்ன சொன்னீங்க?"

"தொரத்திட்டாங்கன்னு எப்டி சொல்றது. விட்டுட்டேன்னா திட்டுவா, அவ்ளோதான."

டேனியல், அந்தப் பயணத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தது அந்த ஒரு நேரத்தில்தான். சொன்னால் வெட்கமாக இருக்கிறது, எழுந்தே நின்றுவிட்டேன். தொழிற்சாலை மூடியபோது நமக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். மாதாமாதம் என் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்திருந்தார்கள், முதலாளியும் கொஞ்சம் போட்டிருந்தார். வேலை போனதும் அது காப்புறுதியாகத் திரும்பி வந்தது. நான் வேலை தேடி அலைந்த மாதங்களில் வீட்டு வாடகையும் உங்கள் பள்ளிப் பேருந்தும் அதில்தான் ஓடின. எனக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை. வாயிற்கதவில் ஆட்குறைப்புக் கடிதத்தைக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். அன்றைக்கு அவமானமாக இருந்தது. அந்தக் கடிதத்தால்தான் காப்புறுதி கிடைத்தது என்பது பிறகுதான் புரிந்தது.

அங்கேயும் அதுபோல ஒன்று உண்டு, வேலை இழந்தவருக்கு சில மாதம் உதவித்தொகை, அதுவரை மருத்துவமும் உண்டு என்று மாமாவுக்கே அரைகுறையாகத் தெரிந்திருந்தது. "ஆனா நானா விட்டவனுக்கு கெடையாதே மாப்ள."

"நீங்க விடலை மச்சான். விட வச்சாங்க" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். பூசை முடிந்து வெளியே வந்ததும் மாமாவைச் சுற்றி ஆட்கள். அவர் அங்கே அன்பியத் தலைவர், அதாவது பக்கத்துப் பத்து இருபது வீடுகளுக்குப் பொறுப்பானவர். "சொந்தத் தொழில் எப்டி போகுது சேவியர்?" என்று கேட்டார்கள். "கடவுள் கிருபைல ஓடுது" என்றார். வெள்ளைப் புடவை கட்டிய வயதான அம்மா ஒருவர் அவர் தோளைத் தட்டினார். கிளாரா டீச்சர். மாமாவுக்கு ஒன்றாம் வகுப்பில் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவர். மகன் எப்படி இருக்கிறான் என்று மாமா கேட்டார். "பெரிய கம்பெனிடா. வீட்லயே உக்காந்து வேலை பாக்குறான், வெளிலயே வர்றதில்ல" என்றார் டீச்சர்.

அவர்கள் பேசட்டும் என்று நான் மறுபடி உள்ளே போனேன், அத்தை கடைசிப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார். கேட்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் இடது கைச் சுண்டுவிரல் எந்தக் கட்டையையும் தொடவில்லை என்பது தெரிந்தது.

திங்கட்கிழமை பெருங்குடிக்குப் பேருந்தில் போனோம். ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், காற்று திரும்பினால் குப்பைக் கிடங்கின் நாற்றம். கண்ணாடிக்குள் இருப்பவர்களுக்கு நாற்றம் தெரியாது என்று மாமா சொன்னார். அதைத் தெரியாமல் வைத்திருந்தது தன் வேலைகளில் ஒன்று என்றும் சொன்னார்.

ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் ஓர் இளம்பெண் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். "சேவியர் அங்கிள், எப்படி இருக்கீங்க?" என்று உண்மையான பிரியத்தோடு கேட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். ராஜினாமா என்று எழுதியதை ஆட்குறைப்பு என்று மாற்றித் தர முடியுமா?

அவள் உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தாள். "கம்ப்யூட்டர்ல ராஜினாமான்னு ஏறிடுச்சாம் அங்கிள், மாத்த முடியாதாம்." பிறகு, "நீங்க எழுதின லெட்டர் அவ்வளவு நல்லா இருந்துச்சா, இப்ப அனுப்புற எல்லாருக்கும் மாதிரிக்கு அதைத்தான் குடுக்கிறோம்" என்றாள். அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். மாமா "அப்டியா" என்று கேட்டு மோரைக் குடித்து முடித்தார்.

லிப்ட் வரை கூட வந்தவள் குரலைத் தாழ்த்தினாள். "காப்பீட்டு ஆபீஸ்ல நேர்ல கேப்பாங்க. எழுதச் சொன்னதாலதான் எழுதினேன்னு சொல்லுங்க. அவங்க எங்களைக் கூப்ட்டு விசாரிப்பாங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க அங்கிள். என் பேரும் லிஸ்ட்ல இருக்குன்னு நெனைக்கிறேன்."

திரும்பும் வழியில் ஒரு கையேந்தி பவனில் நின்றுகொண்டே பரோட்டா தின்றோம். நம் ரொட்டி சானாய் இதற்குத் தம்பி. மாமா அன்று உண்மையாகவே சிரித்தார். வீட்டுக்கு வந்து அந்த உதவித்தொகைக்குப் போனிலேயே மனுவைப் போட்டார். மூலையில் கிடந்த பையிலிருந்து புளித்த ரச வாடை வந்தது. "நாளைக்கு வேலை முடிஞ்சதும் இதைத் தூக்கிக் குப்பையில போட்டுடலாம் மச்சான். கொஞ்ச நாள் உக்காந்து உங்க படிப்புக்குத் தகுந்த வேலையாப் பாருங்க" என்றேன். அவர் பையைக் காலால் ஒரு தள்ளு தள்ளினார்.

செவ்வாய்க்கிழமை தி.நகர். நம் ஊரில் தீபாவளிக்கு முதல் நாள் இருக்கிற கூட்டம் அங்கே சும்மா ஒரு செவ்வாய்க்கிழமைக்கு இருக்கிறது. மலை போன்ற துணிக்கடைகள். அதற்குப் பின்னால் ஒரு தெருவில் காப்பீட்டு அலுவலகம். மின்விசிறிக்கு அடியில் வரிசை. கண்ணாடித் தடுப்பில் ஒரு வட்ட ஓட்டை, அதற்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. ஓட்டை சின்னது, அதனால் எல்லாரும் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. முன்னால் நின்றவரின் மனைவிக்கு என்ன ஆபரேஷன் என்பதை நான் தெரிந்துகொண்டேன். அது எனக்குத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை.

எங்களுக்கு முன்னால் மூன்று பேர் இருந்தபோது பின்னால் யாரோ "சேவியரா?" என்றார்கள். கிளாரா டீச்சர். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் மகனின் காப்பீட்டு அட்டை. அட்டைப் படம் வெளியே தெரிந்தது. டீச்சர் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா இங்க?"

"சும்மா டீச்சர். மாப்ள மலேசியாலேர்ந்து வந்திருக்காரு. நம்ம ஊர் ஆபீஸ் எப்டி இருக்கும்னு பாக்கணும்னாரு."

"ஆமாம் டீச்சர்" என்றேன். வேறு என்ன சொல்வது.

"நானும் சும்மாதான். பையனுக்கு அட்ரஸ் மாத்தணும். அவனுக்கு மீட்டிங், ஒழியாது" என்றார் டீச்சர்.

அதன் பிறகு மூன்று பேரும் மழையைப் பற்றிப் பேசினோம். மழை வருகிற மாதிரி இல்லை.

மாமாவின் முறை வந்தது. அந்த அம்மா கம்ப்யூட்டரில் மனுவைத் திறந்து பார்த்தார். நல்ல மனுஷி, டேனியல். அதை மறக்காமல் எழுதுகிறேன். ஓட்டைக்கு அருகில் குனிந்துதான் கேட்டார்.

"ராஜினாமான்னு வந்திருக்கே சார். தானா விட்டவங்களுக்கு இது கிடையாது. உங்களை எழுதச் சொல்லி எழுதினீங்களா? அப்படின்னா சொல்லுங்க, நான் விசாரணைக்கு அனுப்புறேன். இந்த மாதிரி நிறைய வருது."

டீச்சர் எங்களுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். மாமா திரும்பவில்லை. நான் அவர் முழங்கையைத் தொட்டேன்.

"இல்லீங்க மேடம்" என்றார். "நானேதான் விட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்படிப் போட்டுட்டா மாத்த முடியாது. வீட்ல யாருக்கோ வைத்தியம் போய்க்கிட்டு இருக்கு போலயே."

"நானேதான் மேடம். குடும்பச் சூழ்நிலை."

நான் வாயைத் திறந்தேன். "அம்மா, இவரை..." என்று தொடங்கினேன். அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நீங்க சொல்ல முடியாது சார். அவர்தான் சொல்லணும்." மாமாவின் முகத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு விசையைத் தட்டினார்.

நாங்கள் திரும்பியபோது டீச்சர் வரிசையில் இல்லை. அவருடைய முறை வந்துவிட்டிருந்தது, ஆனால் அவர் வாசற்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். அட்டை உறை இடுப்பில் செருகியிருந்தது.

எதிரே இருந்த கடையில் டீ வாங்கினேன். மாமா குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அவங்களும் அதுக்குத்தான் வந்தாங்க மச்சான்" என்றேன்.

"தெரியும் மாப்ள. ஞாயித்துக்கெழமயே தெரியும். அந்தப் பையன் பகல்ல பீச்ல குந்திக்கினு கீறான், நானே பாத்துக்கீறேன்."

"அப்புறம் என்ன? சொல்லியிருக்கலாமே."

"நான் சொல்லிட்டா, அவங்களும் என் எதிர்ல சொல்லணும். எப்டி சொல்லுவாங்க. எனக்கு எழுதக் கத்துக் குடுத்தவங்க." டீயை ஒரு வாய் குடித்தார். "அதுவும் கெடையாது மாப்ள. வாய் வரல. அதான் நெசம்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவர் மேல் வந்தது, பிறகு அங்கே நிற்கவில்லை. அந்த மோர் கொடுத்த பெண் மேலும் வரவில்லை, ஓட்டைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா மேலும் வரவில்லை. சட்டம் எழுதுகிறவர்கள் கையில் என் பேச்சு போய்ச் சேருமானால் நான் கேட்பது இதுதான். வேலை இல்லாதவனிடம், நீ விட்டாயா அவர்கள் விட்டார்களா என்று ஏன் கேட்கிறீர்கள்? அதைக் கேட்பதால்தானே முதலாளிகள் சால்வை வாங்கி வைத்திருக்கிறார்கள். காப்புறுதி கம்பெனியோடு போய்விடாமல் மனிதனோடு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாதா? கட்டடம் பார்த்தாலும் பிரியாணி சுமந்தாலும் அதே ஆள்தானே. கேட்டே ஆக வேண்டுமென்றால், பின்னால் யாரும் நிற்காத ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கக் கூடாதா? ஒரு கதவுக்கு என்ன செலவாகிவிடும்?

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பேசுகிறார்கள், புதுச் சட்டம் என்கிறார்கள், இரண்டு நாட்டிலும்தான். அதற்குள் ஒரு மாதம் முடிகிறது. டேனியல், நம் ஊரைப் பெருமையாக நினைத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன். அந்தக் காப்புறுதி எனக்குக் கிடைத்தது, ஏனென்றால் எனக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது, அது மூடியது, மூடினேன் என்று எழுதிக் கொடுத்தது. நீ மோட்டாரில் ஏறினால் விழுந்து அடிபட்டதற்கு ஏதோ உண்டு என்கிறார்கள். உன் ஐடியை அணைத்தால் உனக்கு யார் கடிதம் கொடுப்பார்? போகாதே என்று நான் சொல்லவில்லை. போகாமல் வேறு எங்கே போவாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு போ என்றுதான் சொல்கிறேன்.

வீட்டில் அத்தை கதவைத் திறந்ததும் மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

"கெடைக்காதாம்" என்றார் மாமா.

"அதான் நானும் சொன்னேன். தானா விட்டவருக்கு யார் குடுப்பா." என் பக்கம் திரும்பினார். "இவர் பேச்சைக் கேட்டு உங்களையும் அலைய வச்சாரு பாருங்க அண்ணே. பசிக்குதா?"

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாமா என்னைப் பார்க்கவில்லை, அலமாரியையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "பசிக்குது தங்கச்சி" என்றேன். அன்று மாலை அத்தை கீபோர்டை எடுத்து அடுத்த ஞாயிற்றுக்குப் பழகினார். ஒரே இடத்தில் நாலைந்து முறை நின்றார். பிறகு அந்தச் சுரத்தை விட்டுவிட்டு வாசிக்கப் பழகினார்.

புறப்படும் நாள் விடியற்காலையில் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூலையில் இருந்த பையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். குழாயடியில் அதைத் திறந்தேன். அடியில் கறிவேப்பிலையும் தக்காளித் தோலும் ஒட்டிக் காய்ந்திருந்தன. விரல் நகத்தால் சுரண்டி எடுத்தேன். துணி சோப்பைத் தேய்த்து, மூலை மூலையாகப் பழைய பிரஷ்ஷால் உரசி, நாலு வாளி தண்ணீர் ஊற்றி அலசினேன். கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் கிளிப் போட்டேன். கடல் காற்று நன்றாக அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓரளவு காய்ந்ததும் தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தேன். வாடை இன்னும் கொஞ்சம் இருந்தது. கழற்றி, மறுபடியும் சோப்புப் போட்டேன்.